சரக்குக்கு ராக்கெட் எதற்கு? பீரங்கி, சுழற்றி, விமானம், கயிறு: எது உருப்படும்?

சுழியன் | 2 ஜூன் 2025, இரவு 9:14

ஆள் போகணும்னா 3, 4 ஜிக்கு மேல (ஜின்னா பூமி ஈர்ப்போட அளவு, அதோட 3, 4 மடங்கு) ஏத்த மாட்டாங்க, சரி. தண்ணி, எரிபொருள், அலுமினியத் தகடு, சாப்பாட்டு டின் இதுக்கெல்லாம் எதுக்கு 300 டன் ராக்கெட்? 400 கி.மீ உயரத்துல சுத்துற 1 கிலோவோட மொத்த ஆற்றல் 33 மெகாஜூல்தான். நம்ம மீட்டர்ல ஓடுற கணக்குல 9 யூனிட் சொச்சம். தரையிலிருந்தே மின்காந்தப் பீரங்கி வச்சோ சுழற்றி எறிஞ்சோ அனுப்பினா செலவு எங்கேயோ போயிடும். வெடிக்கிற எரிபொருளும் வேண்டாம். சரக்கையும் ஆளையும் ஒரே மாதிரி வண்டியில ஏத்துறதே தப்புங்கிறது என் கட்சி. மறுக்கிறவங்க எண்ணோட வாங்க.

அடைப்பான் | 2 ஜூன், இரவு 10:02

33 சரி. அதில் உயரத்துக்குப் போவது 3.7 மெகாஜூல் மட்டும். மீதி எல்லாம் கிடைமட்ட வேகம், நொடிக்கு 7.67 கி.மீ. அந்த வேகத்தை எங்கே கொடுக்கிறாய் என்பதில்தான் சங்கதி இருக்கிறது தம்பி.

1 கி.மீ நீளக் குழல் வைத்து 8 கி.மீ/வி எட்ட வேண்டும் என்றால் முடுக்கம் சுமார் 3,260 ஜி. மின்னணுப் பலகையை எபாக்சியில் முழுக்க ஊற்றி இறுக்கிவிட்டால் தாங்கும், வழிகாட்டியுள்ள பீரங்கிக் குண்டுகள் இதைவிட அதிகம் தாங்குகின்றன. ஆனால் நீ சொன்ன தண்ணீரையே எடுத்துக்கொள். 1 மீட்டர் ஆழத் தண்ணீர் தொட்டியின் அடியில் சாதாரணமாக 0.1 பார் கூட இருக்காது. 3,260 ஜியில் அது 320 பார். தொட்டியைத் தட்டையாக்கி ஆழத்தை 10 செ.மீ ஆக்கினால் 32 பார், ஆனால் குழல் விட்டம் அதற்கு ஏற்ப விரிய வேண்டும். சுவரைத் தடித்தால் தண்ணீரைவிடத் தொட்டி கனம்.

குழல் வாயை விட்டு வெளியே வந்த கணத்தில் கடல்மட்டக் காற்று. 8 கி.மீ/வியில் முகப்பில் விழும் இயக்க அழுத்தம் 380 வளிமண்டலம். சாதாரண ராக்கெட் ஏறும்போது உச்ச அழுத்தக் கட்டத்தில் அனுபவிப்பது 0.3, 0.35.

அடைப்பான் | 2 ஜூன், இரவு 10:20

முக்கியமானதை விட்டுவிட்டேன் என்று நினைப்பாய், தனியாகச் சொல்லத்தான் வைத்திருந்தேன். கடைசியாக எங்கே தள்ளு விழுந்ததோ அந்த இடம் வழியாகத்தான் சுற்றுப்பாதை திரும்ப வரும். தரையில் தள்ளினால் தரைக்கே வரும். மேலே போய்ப் பக்கவாட்டில் ஒரு தள்ளு கொடுக்கச் சின்ன ராக்கெட் கட்டாயம் வேண்டும். அந்த ராக்கெட்டும் குழலுக்குள் 3,260 ஜி தாங்க வேண்டும். திட எரிபொருள் ரப்பர் பதத்தில் இருப்பது. அந்த விசையில் தன் எடைக்கே அமுங்கி, உறையை விட்டுப் பிரியலாம். பிரிந்த இடத்தில் தீ புகுந்தால் எரிபரப்பு கூடி உறை வெடிக்கும்.

சுழியன் | 3 ஜூன், காலை 7:31

பீரங்கி ஏற்கெனவே விண்வெளி வரைக்கும் போயிருக்கே? பார்படோஸ்ல?

அடைப்பான் | 3 ஜூன், காலை 8:05

ஜெரால்ட் புல்லின் ஹார்ப் திட்டம். 16 அங்குலக் கடற்படைப் பீரங்கிக் குழல் இரண்டை நீளவாக்கில் ஒட்டிச் சுட்டார்கள். 180 கி.மீ சாதனை பார்படோஸில் இல்லை, அரிசோனாவின் யூமாவில், 1966 நவம்பர் 18. நொடிக்கு 2.1 கி.மீ. ஏறினது, இறங்கினது. பின்னாளில் லிவர்மோர் ஆய்வகத்தின் ஹைட்ரஜன் வாயுப் பீரங்கி 5 கிலோ குண்டை 3 கி.மீ/விக்குத் தள்ளியது. அதில் மீத்தேனை எரித்துப் பிஸ்டனைத் தள்ளி ஹைட்ரஜனை அமுக்குவார்கள். ஹைட்ரஜன் எடை குறைந்த வாயு, அதில் ஒலி வேகம் அதிகம், அதனால் குண்டின் பின்னாலேயே விரட்டிப் போகும். நல்ல பொறியியல். சுற்றுப்பாதைக்கு வேண்டிய 7.67 கண்ணுக்கே தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

சுழியன் | 3 ஜூன், மதியம் 1:12

சரி, ராக்கெட்டைச் சுழற்றி எறியற ஸ்பின்லாஞ்ச் கம்பெனி? நியூ மெக்சிகோவுல 33 மீட்டர் இயந்திரம் 2021-லேயே வேலை செஞ்சுது. அது மொத்த வேகத்தையும் கொடுக்கறேன்னு சொல்லவே இல்லையே, 2 கி.மீ/வி கொடுத்துட்டு மிச்சத்தை ராக்கெட்கிட்ட விட்டுடுது.

அடைப்பான் | 3 ஜூன், இரவு 9:40

இதுதான் அந்தக் குடும்பத்திலேயே கொஞ்சம் யோசித்த பிள்ளை. அவர்கள் சொல்லும் பெரிய இயந்திரம் 100 மீட்டர் விட்டம். ஆரம் 50, வேகம் நொடிக்கு 2 கி.மீ என்று வை. மையவிலக்கு 8,150 ஜி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 380 சுற்று. கலம் உள்ளே சுற்றும்போது காற்றில் எரியாமலிருக்க அறை முழுவதும் வெற்றிடம். வெளியேறும் துளையில் மெல்லிய தகடு, கலம் அதைக் கிழித்துக்கொண்டு போகும். கிழித்ததும் காற்று உள்ளே பாயுமே, அதற்குள் கதவு மூட வேண்டும்.

நெஞ்சை அடைக்கிற இடம் விடுவிக்கும் கணம். 1 டிகிரி தள்ளிப் போக 0.44 மில்லிவினாடி போதும். அதைவிட மோசம், 10 டன் கலத்தைப் பிடித்திருக்கும் கை அதுவரை 81,000 டன்னுக்கு மேல் இழுவிசையைச் சமன் செய்துகொண்டிருக்கிறது. கலம் போன மறுகணம் எதிர்ப்பக்கத்து எடை மட்டும் அச்சைப் பிடித்து இழுக்கும். எதிரெடையையும் அதே கணத்தில் எதிர்த்திசையில் விட்டு, அதை ஏதாவதொன்றில் மோதவிட்டுப் பிடிக்க வேண்டும். 10 டன், 2 கி.மீ/வி. அந்த மோதலின் ஆற்றலே ஏறக்குறைய 5 டன் டிஎன்டி. ஒவ்வொரு ஏவலுக்கும்.

அதற்குப் பிறகும் வேகத்தின் பெரும்பகுதியை மேலே உள்ள ராக்கெட்தான் கொடுக்க வேண்டும். திரவ எஞ்சின் என்றால் எரிபொருளை அதிவேகமாகத் தள்ளும் டர்போபம்பின் தாங்குவளையங்கள் பக்கவாட்டில் 8,000 ஜி தாங்கணும்.

தெற்குக்கரை | 4 ஜூன், காலை 6:50

உள்ளே வரட்டுமா. ஏவுதளப் பாதுகாப்புப் பக்கத்திலிருந்து ஒன்று. "சரக்குதானே, ஆபத்தானால் என்ன" என்ற தொனி மேலே ஓடுகிறது. கீழே இருக்கிறவர்களுக்கு மேலே போவது ஆளா அரிசியா என்பதில் வித்தியாசமே கிடையாது. அமெரிக்க விதிப்படி ஒரு ஏவலால் பொதுமக்களில் எதிர்பார்க்கப்படும் உயிர்ச்சேதம் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. சரக்கு என்பதற்காக அந்த எண் தளராது. தளர்வது ஒன்றே ஒன்று: ஆபத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் தப்பிக்கும் கோபுரமும் உயிர்காப்பும் வேண்டாம்.

1996 பிப்ரவரி 15, சீனாவின் சீசாங் ஏவுதளம். லாங் மார்ச் 3பி ராக்கெட், மேலே இன்டெல்சாட் 708 செயற்கைக்கோள். சரக்கு மட்டும்தான். ஏவிய சில நொடிகளில் திசையை உணரும் கருவிமேடை பழுதாகிச் சாய்ந்து மலைச்சரிவில் மோதியது. அரசுக் கணக்கு 6 பேர் சாவு. உள்நாட்டுத் தளத்திலிருந்து நச்சு எரிபொருளோடு ஏவினால் இதுதான் விலை. பிறகு ஹைனான் தீவில் வென்சாங் தளம் கட்டியதற்கு, முன்னால் கடல் மட்டும் இருக்கட்டும் என்பதும் ஒரு காரணம்.

சுழியன் | 4 ஜூன், காலை 9:26

அப்ப விமானத்திலிருந்து ஏவுறது? கடல் நடுவுல கொண்டுபோய் விட்டா கீழ யாருமில்லையே.

அடைப்பான் | 4 ஜூன், இரவு 11:15

பாதுகாப்பில் லாபம் உண்மை. வேகத்தில் லாபம் சொற்பம்: விமானம் தருவது நொடிக்கு 240 மீட்டர் மாதிரி, மொத்தத் தேவை இழப்புகள் சேர்த்து 9,400. மெல்லிய காற்றில் தொடங்குவதால் ராக்கெட்டின் முதல் கட்டத்திற்கே (முதலில் எரிந்து கழன்று விழும் பகுதி) அகல வாய் நாசில், அதாவது வாயு வெளியேறும் கூம்பு, வைக்கலாம், அது இன்னொரு சின்ன லாபம். இப்படி ஏவும் பெகாசஸ் ராக்கெட் 1990 ஏப்ரல் 5 முதல் பறக்கிறது, மொத்தமே 440 கிலோ சுமை. விமானத்தின் வயிற்றுக்குக் கீழே எவ்வளவு கட்ட முடியுமோ அவ்வளவுதான் ராக்கெட். வளர இடமில்லை.

விர்ஜின் ஆர்பிட் நிறுவனம் ராக்கெட்டை 747 விமானத்தின் இறக்கையில் தொங்கவிட்டது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து போன ஏவலில் எரிபொருள் குழாய்க்குள் இருந்த வடிகட்டி இடம் பெயர்ந்தது. எஞ்சினுக்கு எரிபொருள் சரியாகப் போகவில்லை, சூடேறியது, முடிந்தது. சில மாதத்தில் நிறுவனமே திவால். பிழை ராக்கெட்டில்தான், ஆனால் விமானத்தைப் பராமரிக்கும் செலவு இரண்டு ஏவலுக்கு நடுவிலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

விண்வெளிக் கயிறைப் பற்றி (தரையிலிருந்து விண்வெளி வரை கயிறு கட்டி அதில் சரக்கை ஏற்றுவது) ஒரு பத்திக்கு மேல் எழுத மாட்டேன். பூமியோடு சேர்ந்தே சுற்றும் புவிநிலைப் பாதை 35,786 கி.மீ உயரம், கயிறு அதையும் தாண்டி எதிரெடை வரை. கயிற்றில் மணிக்கு 200 கி.மீ ஏறும் பெட்டி அங்கே சேர ஏழரை நாள், அதில் கணிசமான நேரம் பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்ப்பட்டைக்குள். 400 கி.மீ உயரத்தில் கையை விட்டால் சரக்கு நேராகக் கீழே விழும், ஏனென்றால் அங்கே பக்கவாட்டு வேகம் கிட்டத்தட்ட இல்லை. சுமார் 23,400 கி.மீக்கு மேல் விட்டால்தான் காற்றில் இறங்காமல் சுற்றும். அந்த நீளத்துக்குத் தன் எடையையே தாங்கும் நூல் யாரிடமும் இல்லை.

சுழியன் | 5 ஜூன், காலை 7:02

எல்லாத்தையும் வெட்டிட்டீங்க. ராக்கெட்தான்னா எந்த ராக்கெட் அண்ணே?

அடைப்பான் | 5 ஜூன், இரவு 10:48

இரண்டு கட்டம், இரண்டுக்கும் திரவ எரிபொருள், முதல் கட்டம் திரும்பி வரணும். அதிசயம் எதுவும் இல்லாத பதில்தான்.

ஏன் இரண்டு? மண்ணெண்ணெய்-திரவ ஆக்சிஜனில் வெளியேறும் வாயுவின் சராசரி வேகம் 3.2 கி.மீ/வி என்று எடு. ஒரே கட்டத்தில் 9.4 எட்டினால் புறப்பட்ட எடையில் 5.3 சதவீதம்தான் மிஞ்சும். தொட்டியும் எஞ்சினுமே 5 சதவீதம் தின்றுவிடும். சரக்குக்கு மிஞ்சுவது அளவீட்டுப் பிழை. ஹைட்ரஜன் போட்டால் 11, 12 சதவீதம் மிஞ்சும், ஆனால் அது கனமீட்டருக்கு 71 கிலோதான், மைனஸ் 253 டிகிரி. தொட்டி பூதாகரமாகி, காப்புப் பூச்சு ஏறி, மிஞ்சியதைத் தின்னும். மேல்கட்டத்துக்கு ஹைட்ரஜன் அருமை. கீழ்க்கட்டத்துக்குக் கனமான எரிபொருள்தான் சரி.

ஏன் முதல் கட்டம் மட்டும் திரும்பணும்? மேல்கட்டம் சுற்றுப்பாதை வரை போகிறது. அதில் 1 கிலோ இறங்கும் கருவி சேர்த்தால் சுமையில் 1 கிலோ நேராகக் கழியும். முதல் கட்டம் 65, 70 கி.மீ உயரத்திலேயே கழன்றுவிடுவதால் அதில் பல கிலோ சேர்த்தால்தான் சுமை 1 கிலோ குறையும். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 திரும்பி வராமல் முழுதாக எரித்தால் 22.8 டன் சுமை, கப்பலில் இறக்கி மீட்டால் 17 டன் சொச்சம். கால் பங்கை விட்டுக்கொடுத்து ஒன்பது எஞ்சினைத் திரும்ப வாங்குகிறார்கள்.

அடைப்பான் | 6 ஜூன், காலை 6:15

எரிபொருளில் பாதுகாப்புக் கணக்கு. நேற்று இடம் பத்தவில்லை.

திட எரிபொருள்: எளிமை, வால்வு கிடையாது, பம்பு கிடையாது. பற்றினால் நிற்காது. ஏவுமேடைக்கு வரும் நாளிலிருந்து அது நிரப்பிய வண்டி. பிரேசிலின் அல்கன்டரா, 2003 ஆகஸ்ட் 22: ஏவலுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது முதல் கட்டத்தின் நான்கு மோட்டாரில் ஒன்று தானாகப் பற்றியது, மேடையில் வேலை செய்த 21 பேர் இறந்தார்கள். பற்றவைக்கும் கருவிக்கும் மோட்டாருக்கும் நடுவே இயந்திரத் தடுப்பு, எல்லா உறைக்கும் நிலஇணைப்பு, மேடையில் குறைந்தபட்ச ஆள். இந்த மூன்றில் எதையும் பேரம் பேசக்கூடாது.

ஹைட்ரசீன் வகை - நைட்ரஜன் டெட்ராக்சைடு: தொட்டதும் பற்றும், சாதாரண வெப்பத்தில் மாதக்கணக்கில் இருக்கும். இஸ்ரோவின் விகாஸ் எஞ்சின் இந்தக் குடும்பம். மேல்கட்டத்துக்கும் கலத்தின் சின்ன உந்திகளுக்கும் விட முடியாது. நூறு டன் கணக்கில் கீழ்க்கட்டத்தில் வைப்பதைத்தான் எல்லோரும் மெல்லக் கைவிடுகிறார்கள். கசிந்து செம்பழுப்புப் புகை தெரிந்தால், அது வரும் பாதையிலிருந்து குறுக்கே விலகி, காற்று வீசிவரும் பக்கம் ஓடணும்.

மண்ணெண்ணெய் - ஆக்சிஜன்: சிந்தினால் கழுவலாம். கரி படிவதால் மறுபயன்பாட்டில் சுத்தம் செய்யும் வேலை அதிகம். மீத்தேன் கரி படியாது, மைனஸ் 162, ஆக்சிஜனுக்குப் பக்கத்திலேயே கொதிநிலை, இரண்டு தொட்டிக்கும் ஒரே சுவர் போதும். இஸ்ரோ எஞ்சின் சோதிக்கும் மகேந்திரகிரியில் இவ்வளவு வருடம் கிரையோ (கடுங்குளிர் எரிபொருள்) கையாண்ட அனுபவம் மீத்தேனுக்கு அப்படியே உதவும். அடுத்த தலைமுறை ஏவுகலத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்ததும் மீத்தேனுக்குத்தான்.

தெற்குக்கரை | 6 ஜூன், இரவு 8:30

மீத்தேனுக்கு ஒரு எச்சரிக்கை சேர்க்கணும். திரவ ஆக்சிஜனும் திரவ மீத்தேனும் ஒன்றில் ஒன்று கரையும். மண்ணெண்ணெய் ஆக்சிஜனில் பட்டால் உறைந்து கட்டியாக ஒதுங்கும். இது கலந்து ஒரே திரவமாகிவிடும், அந்தக் கலவை வெடிமருந்துதான். பொதுச்சுவர் வசதி என்று மேலே சொன்னதன் மறுபக்கம் அது.

சுழியன் | 7 ஜூன், மாலை 4:44

இஸ்ரோவோட இரண்டாவது ஏவுதளமான குலசேகரப்பட்டினம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அதனால பூமி சுழற்சி வேகம் கூடக் கிடைக்கும்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. சரக்குக்கு நல்லதுதானே?

தெற்குக்கரை | 7 ஜூன், இரவு 9:03

ஸ்ரீஹரிகோட்டா நொடிக்கு 452 மீட்டர், குலசேகரப்பட்டினம் 460. 8 மீட்டர் வித்தியாசத்துக்கு யாரும் தூத்துக்குடி மாவட்டத்தில் நிலம் எடுக்க மாட்டார்கள். அதுவும் கிழக்கு நோக்கிப் போனால்தான் அந்த லாபம். அங்கிருந்து போகப்போவது தெற்கே, துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்கு.

காரணம் இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் கழன்ற கட்டங்கள் விழும் வழியில் தீவு இருக்கிறது. அதனால் பிஎஸ்எல்வி முதலில் தென்கிழக்கே போய், தீவைத் தாண்டியதும் தெற்கே வளைகிறது. 3 கி.மீ/வியில் போகும்போது 20 டிகிரி திரும்ப வேண்டுமென்றால் சுமார் 1 கி.மீ/வி செலவு. 320 டன் பிஎஸ்எல்வி அதைத் தாங்கும். எஸ்எஸ்எல்வி மாதிரிச் சின்ன வண்டிக்கு அந்தச் செலவு சுமையையே விழுங்கிவிடும். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல், தீவு இடப்பக்கம் ஒதுங்கிவிடும்.

அடைப்பான் | 8 ஜூன், காலை 7:20

ராக்கெட் முடிவாகிவிட்டது என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். 2014 அக்டோபர் 28 முதல் 2015 ஜூன் 28 வரை எட்டே மாதத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போன மூன்று சரக்கு வண்டி போச்சு: அன்டாரஸ் ராக்கெட்டில் போன சிக்னஸ், ரஷ்யாவின் புராக்ரஸ், ஃபால்கனில் போன டிராகன். மூன்றும் மூன்று வடிவமைப்பு. நிலையத்தில் இருப்பவர்கள் பட்டினி கிடக்காததற்குக் காரணம் மாதக்கணக்கில் கையிருப்பு வைத்ததும், ஒரே வண்டியை நம்பாததும்.

அன்டாரஸில் பழைய சோவியத் எஞ்சின், ஏறிய 15 நொடியில் ஆக்சிஜன் டர்போபம்ப் சிதறியது. டிராகன் போன ஃபால்கனில் ஆக்சிஜன் தொட்டிக்குள் ஹீலியம் குடுவையைப் பிடித்திருந்த தாங்குகம்பி ஒன்று, தாங்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குக்கே முறிந்தது. குடுவை மிதந்து மேலே பாய்ந்து தொட்டியை உடைத்தது. மறு ஆண்டே செப்டம்பர் 1-இல் அதே மாதிரிக் குடுவை வேறு வழியில் போனது: கார்பன் உறைக்கும் உலோகக் கூட்டுக்கும் நடுவே ஆக்சிஜன் சிக்கி உறைந்து, உரசலில் பற்றியது. மேடையிலேயே அமோஸ்-6 செயற்கைக்கோளும் போச்சு. எஞ்சின் சோதனையைச் சுமையை மேலே வைத்துக்கொண்டு செய்ததுதான் அதில் எரிச்சல்.

நம் பக்கம் ஜிஎஸ்எல்வி எஃப்10, 2021 ஆகஸ்ட் 12. ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் வெளியேற்றும் வால்வு கசிந்தது. தொட்டியில் அழுத்தம் குறைந்தால் பம்புக்குள் திரவம் குமிழிக்கும், எஞ்சின் பிடிக்காது. ஒரு வால்வுக் கசிவு, ஒரு புவி நோக்குச் செயற்கைக்கோள்.

தெற்குக்கரை | 8 ஜூன், காலை 10:11

எனக்குப் பிடித்தது (பிடித்தது என்று சொல்லக்கூடாது) ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட், 2013 ஜூலை 2. திரும்பும் வேகம் அளக்கும் உணரிகளில் மூன்றைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். தவறாக மாட்ட முடியாதபடி ஊசி வைத்துத்தான் வடிவமைத்திருந்தார்கள், மேலே அம்புக்குறி வேறு. பலவந்தமாக அழுத்தி உள்ளே தள்ளிவிட்டார்கள். மின்சோதனையில் எல்லாம் பச்சை, ஏனென்றால் உணரி தலைகீழாக இருந்தாலும் உயிரோடுதானே இருக்கும். ராக்கெட் நேராக இருக்க முயன்று முயன்றே கவிழ்ந்தது.

சுழியன் | 19 ஜூன், பகல் 12:40

ஸ்பேஸ்எக்ஸோட பெரிய ராக்கெட் ஸ்டார்ஷிப், அதோட மேல்கட்டம் ஷிப் 36 சோதனை மேடையிலேயே வெடிச்சிடுச்சே. பறக்கவே இல்ல. இதைத்தான் மலிவான சரக்கு வண்டின்னு எல்லாரும் சொல்றாங்களா?

அடைப்பான் | 19 ஜூன், இரவு 10:30

முதல் தகவல்படி சுமை வைக்கும் பகுதியிலிருந்த நைட்ரஜன் குடுவை, சோதித்த அழுத்தத்துக்கும் கீழேயே உடைந்திருக்கிறது. கார்பன் சுற்றிய குடுவை மறுபடியும். இந்தச் சாமானுக்கு வெளியே சின்ன அடி பட்டாலும் கண்ணுக்குத் தெரியாமல் இழை அறுந்திருக்கும். பொருத்தும்போது உறை போட்டு மூடுவது, பொருத்தியபின் ஆள் நடமாட்டத்தைத் தடுப்பது, அழுத்தம் ஏற்றும்போது ஒலி உணரி வைத்து இழை அறும் சத்தத்தைக் கேட்பது, இவைதான் வழி. ஆள் பக்கத்தில் இல்லாமல் நிரப்புவது பழக்கமாகிவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மலிவா என்பது இரண்டாவது கட்டமும் முழுசாகத் திரும்பி, மறுபடி பறந்தால்தான் தெரியும்.

தெற்குக்கரை | 20 ஜூன், காலை 6:40

சரக்கு ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறோம். காலி வண்டி? புராக்ரஸ் 2.5 டன் கொண்டுபோகும், அதில் எரிபொருளைக் குழாய் வழியாக நிலையத்துக்கே மாற்றும். பிறகு குப்பையோடு தென் பசிபிக்கில் எரியும். சிக்னஸும் அப்படித்தான். பொருளைத் திரும்பக் கொண்டுவர டிராகன்தான்.

எரியும் என்று நினைத்ததெல்லாம் எரிவதில்லை. 2021 மார்ச்சில் நிலையத்திலிருந்து பழைய பேட்டரிகளோடு ஒரு சரக்குத் தட்டைக் கழற்றி விட்டார்கள். ஜப்பானிய எச்டிவி சரக்குக் கலத்தோடு போன தட்டு. கட்டுப்பாடில்லாமல் மூன்று வருடம் சுற்றி, 2024 மார்ச் 8 அன்று காற்றில் இறங்கியது. அதிலிருந்த இன்கோனல் (நிக்கல் கலவை) தூண் ஒன்று, 700 கிராம், ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையையும் இரண்டு தளத்தையும் துளைத்தது. நிக்கல் கலவை, டைட்டானியம், கார்பன் சுற்றிய குடுவை, இவை காற்றில் கரையாது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் ஒதுங்கிய பெரிய உருளை பிஎஸ்எல்வி மூன்றாம் கட்டம்.

சுழியன் | 20 ஜூன், காலை 8:02

அப்ப சரக்குத் தட்டை அலுமினியத்துலயே பண்ணிட வேண்டியதுதானே?

தெற்குக்கரை | 20 ஜூன், காலை 8:35

முடிந்த இடத்தில் அதைத்தான் செய்கிறார்கள். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும். எஞ்சின் நாசிலுக்கும் அழுத்தக் குடுவைக்கும் அது ஒத்துவராது. அங்கே எரிபொருளைக் கொஞ்சம் மிச்சம் வைத்து, கடைசித் தள்ளில் கடலைக் குறிபார்த்து இறக்குவதுதான். அந்த மிச்ச எரிபொருளும் சுமையிலிருந்து கழியும், கிலோவுக்குக் கிலோ.